வெயிலில் வேர்க்காத மகன், நெருப்பாய் எரியும் உள்ளங்கால்: யாருக்காவது தெரியுமா?

சிப்புட் அம்மா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அப்போது பால்மரம் (ரப்பர்), இப்போது முழுக்கச் செம்பனை (எண்ணெய்ப் பனை). லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) விட்டு தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்து பதினோரு வருடம் ஆகிறது. மகனுக்கு 13 வயது, படிவம் ஒன்று படிக்கிறான். நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவனுக்கு எட்டு வயதிலிருந்து உள்ளங்கையும் உள்ளங்காலும் எரிகின்றன. சாதாரண வலி இல்லை. மிளகாய் அரைத்த கையைக் கழுவாமல் விட்டால் எரியுமே, அந்த எரிச்சல் எலும்புக்குள்ளே இருக்கிற மாதிரி என்று சொல்கிறான். காய்ச்சல் வந்தால் போச்சு. இரவு முழுக்க குளியலறைச் சிமெண்டுத் தரையில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தைலம் தேய்த்தால் இன்னும் கத்துவான். பனடோல் கொடுத்தாலும் ஒன்றும் ஆவதில்லை.

மூன்று இடத்தில் காட்டிவிட்டோம். முதல் டாக்டர், வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலி என்றார். இரண்டாவது இடத்தில் வாதத்துக்கு ரத்தம் எடுத்தார்கள், எல்லாம் சரி என்று வந்தது. மூன்றாவது டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, பையனுக்குப் பள்ளியில் ஏதாவது பயம் இருக்கிறதா, கவுன்சலரிடம் காட்டுங்கள் என்றார். பள்ளியிலும் அப்படித்தான். பி.ஜே. (உடற்கல்வி) பாடத்தில் ஓடச் சொன்னால் நடிக்கிறான் என்று ஒரு வாத்தியார் என்னிடமே சொன்னார். போன மாதம் மெரெந்தாஸ் டேசா ஓட்டத்தில் பாதி வழியில் முகமெல்லாம் சிவந்து மயங்கி விழுந்தான். தூக்கி வந்தவர்கள், உடம்பு அடுப்பு மாதிரி சுட்டது, சட்டை மட்டும் காய்ந்தே இருந்தது என்றார்கள்.

அந்தச் சட்டையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் துணி துவைக்கிறவள் நான்தான். என் கணவர் செம்பனை ஆலையில் வேலை செய்கிறார். அவர் சட்டை முதுகில் உப்புக் கோடு கோடாகப் படிந்து வரும், காலரைத் தேய்த்துத் தேய்த்துக் கை வலிக்கும். மகனின் பள்ளிச் சட்டைக் காலர் வருடம் முழுக்க வெள்ளையாகவே இருக்கிறது. சுத்தமான பிள்ளை என்று இத்தனை நாளும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவன் வேர்ப்பதே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

அப்புறம், தொப்புளைச் சுற்றியும் தொடை மேலும் குண்டூசித் தலை அளவில் கருஞ்சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றன. கூச்சப்பட்டுக்கொண்டு சொல்லாமலே இருந்திருக்கிறான். கொசுக்கடி என்று பார்த்தால், அழுத்தினாலும் முழுசாக மறைவதில்லை, சொறிவதும் இல்லை. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு ஓடுகிறான், அதுவும் பல வருடமாக.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன வாரம் என் அண்ணனுக்குத் திதி கொடுத்தோம். அண்ணனுக்கு 34 வயதில் கிட்னி போய்விட்டது. வாரம் மூன்று நாள் ஈப்போ போய் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தான், 39 வயதில் தவறிவிட்டான். ஊரில் எல்லாரும் குடிதான் காரணம் என்றார்கள். அவன் குடித்ததே இல்லை. அன்றைக்கு மகன் வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த சின்னம்மா, "உன் அண்ணனும் சின்னப் பிள்ளையில இப்படித்தான்டி வாளியும் கையுமா உட்கார்ந்திருப்பான், பெரியவனானதும் நின்னு போச்சு" என்று சொன்னார். எனக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது. எங்கள் அம்மாவும் 55 வயதில் பக்கவாதம் வந்துதான் போனார்.

இவையெல்லாம் வேறு வேறா, இல்லை ஒரே நோயா? எந்த டாக்டரிடம் போய் என்னவென்று கேட்பது? விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.


பாரிட் புந்தார் தம்பி எழுதியது:

அக்கா, எனக்கு முழுசாகத் தெரியாது. ஆனால் தாய்மாமனுக்கும் மருமகனுக்கும் ஒரே மாதிரி வருகிறது என்றால் தாய் வழியாக இறங்குகிற நோயாக இருக்கலாம். என் மகனுக்கு ஜி6பிடி குறைபாடு. அதுவும் ஓர் என்சைம் குறைவுதான், அதுவும் அம்மா வழியாகத்தான் வந்தது என்றார்கள். பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தில் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அந்த நோய்க்கு ஆகாது என்று வீட்டில் பாச்சை உருண்டைகூட வைப்பதில்லை. உங்கள் மகனின் பிறப்புப் புத்தகத்தில் ஜி6பிடி பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்களேன். அந்த நோயில் இப்படிக் கால் எரியுமா என்று எனக்குத் தெரியவில்லை.


பீடோர் அக்கா எழுதியது:

தங்கச்சி, உங்கள் எழுத்தை இரண்டு தடவை படித்தேன். காய்ந்த சட்டை என்ற இடத்துக்கு வந்ததும் மேலே படிக்க முடியவில்லை. நான் டாக்டர் இல்லை, நோயாளி. நீங்கள் எழுதியதில் பாதி எங்கள் அப்பா.

தம்பி சொன்னது நல்ல யோசனை, வழி சரி, நோய்தான் வேறு. ஜி6பிடியில் ரத்தச் சிவப்பணு உடையும், மஞ்சள் காமாலை வரும். கை கால் எரியாது, வேர்வை நிற்காது. நீங்கள் கேட்டுப் பார்க்க வேண்டிய பெயர் ஃபேப்ரி நோய். உங்கள் மகனுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் எரிகிற கை கால், வேர்க்காத உடம்பு, தொப்புளைச் சுற்றிப் புள்ளி, சாப்பிட்டதும் வயிற்றுப்போக்கு, தாய்மாமனுக்குச் சின்ன வயதில் கிட்னி, பாட்டிக்குப் பக்கவாதம் என்று இத்தனையும் ஒரே குடும்பத்தில் இருக்கும்போது அதைச் சோதிக்காமல் விடவே கூடாது.

நடப்பது இதுதான். நம் உடம்பு அணுக்களில் கழிவை உடைத்துத் தள்ளுகிற சின்னச் சின்னப் பைகள் இருக்கின்றன. ஜிபி3 என்று ஒரு வகைக் கொழுப்பை உடைக்க ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் ஏ என்ற என்சைம் வேண்டும். அது இல்லாதவர்களுக்கு அந்தக் கொழுப்பு அப்படியே தங்கிவிடும். பால்மரக் காட்டில் வளர்ந்தவர் நீங்கள், உங்களுக்குச் சொன்னால் புரியும். மங்கில், அதாவது பால் வடிகிற கிண்ணத்தில், உறைந்துபோன ஒட்டுப்பாலைப் பிடுங்காமல் விட்டால் என்ன ஆகும்? ஒன்றின் மேல் ஒன்றாகக் கெட்டியாகி, கடைசியில் பால் நிற்கவே இடம் இருக்காது. அதுபோல நரம்பின் நுனியில் படிந்தால் எரிச்சல். வேர்வைச் சுரப்பியில் படிந்தால் வேர்வை இல்லை. கிட்னி, இதயம், மூளைக்குப் போகிற சின்ன ரத்தக் குழாய் எல்லாவற்றிலும் வருடக் கணக்கில் சத்தமில்லாமல் படிந்துகொண்டே இருக்கும்.

பெரியவனானதும் அண்ணனுக்கு எரிச்சல் நின்றது என்று சின்னம்மா சொன்னார் இல்லையா? பல பேருக்கு வயதாக ஆக எரிச்சல் குறையும். நோய் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். உள்ளே கிட்னி போய்க்கொண்டிருக்கும்.

எங்கள் அப்பா பால்மரம் வெட்டுகிறவர், அதாவது பால் வடிய மரப்பட்டையைச் சீவுகிறவர். விடியற்காலை வெட்டில் அவரை யாரும் முந்த முடியாது. பத்து மணிக்கு மேல் பால் எடுக்கிற நேரம் வந்தால் முகம் மாறிவிடும். வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடையில் இரண்டு கையையும் முக்கிக்கொண்டு நிற்பார். மண்டோர் (வேலை மேற்பார்ப்பவர்) திட்டுவார். அப்பா பதிலே பேச மாட்டார். 48 வயதில் தூக்கத்திலேயே போய்விட்டார். இதயம் வீங்கியிருந்தது என்று சொன்னார்கள், அதோடு சரி. நாங்கள் நான்கு பெண்கள், இரண்டு ஆண்கள். பெண்கள் நால்வருக்கும் கை கால் எரிச்சல், தம்பிகளுக்கு ஒன்றும் இல்லை. பொம்பளைப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏதோ தோஷம் என்று அம்மா கோயில் கோயிலாகப் போனார்.

அது தோஷம் இல்லை, கணக்கு. இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அப்பாவுக்கு இருப்பதே ஓர் எக்ஸ்தான், அது மகள்களுக்கு மட்டும்தான் போகும். அதனால் நோய் உள்ள அப்பாவின் எல்லா மகள்களுக்கும் வரும், ஒரு மகனுக்குக்கூட வராது. அம்மாவுக்கு இருந்தால் வேறு மாதிரி: மகனோ மகளோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

எனக்கு எப்படித் தெரிய வந்தது என்று சொல்கிறேன், உங்களுக்கு உதவும். எனக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிறது. 49 வயதில் வருடாந்திரக் கண் பரிசோதனைக்குப் போனேன். அந்தக் கண் டாக்டர் கருவியில் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு இன்னொரு இளம் டாக்டரைக் கூப்பிட்டு அவரையும் பார்க்கச் சொன்னார். இதயத் துடிப்புக்கு அமியோடரோன் சாப்பிடுகிறீர்களா, குளோரோகுயின் சாப்பிட்டிருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். "உங்கள் கருவிழியில் சுழல் சுழலாகக் கோடு இருக்கிறது, பார்வைக்கு அதனால் கெடுதல் இல்லை, ஆனால் இந்த மாத்திரை சாப்பிடாதவருக்கு இது இருந்தால் நான் ஒன்று கேட்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு, சின்ன வயதில் கை கால் எரியுமா என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். நாற்பது வருடத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

அப்புறமும் உடனே முடியவில்லை. ரத்தத்தில் என்சைம் அளவைப் பார்த்தார்கள். சாதாரண அளவு என்று வந்தது. அப்படியானால் நோய் இல்லை என்று ஓரிடத்தில் கோப்பை மூடிவிட்டார்கள். கண் டாக்டர்தான் விடவில்லை. பெண்களுக்கு இரண்டு எக்ஸ் இருப்பதால் நல்ல எக்ஸ் கொஞ்சம் என்சைம் செய்யும், அளவு சரியாக இருப்பது போலக் காட்டும், பெண்ணுக்கு மரபணுவைத்தான் பார்க்க வேண்டும் என்று எழுதி அனுப்பினார். மரபணுச் சோதனையில் தெளிவாக வந்தது. இந்த இடைவெளியில் எட்டு மாதம் போய்விட்டது. தங்கச்சி, இதை மட்டும் மறக்காதீர்கள். மகனுக்கு என்சைம் சோதனையிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும், கிட்டத்தட்ட இல்லை என்று வந்தால் நோய் உறுதி. உங்களுக்கு என்சைம் சரியாக வந்தால் அதை நம்பி வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். பெண்கள் நோயைச் சுமக்கிறவர்கள் மட்டும்தான், நோய் வராது என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். என் இதயச் சுவர் தடித்திருக்கிறது. என் அக்காவுக்குச் சிறுநீரில் புரதம் போகிறது.

மருந்து இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. குறைகிற என்சைமையே நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. அக்கா போகிறார், பாதி நாள் ஆகும். படிந்து கெட்டுப்போனதை அது திருப்பித் தராது, மேலும் படியாமல் தடுக்கும். அதனால்தான் சின்ன வயதில் கண்டுபிடிப்பது இவ்வளவு முக்கியம். விலை வருடத்துக்குப் பல லட்சம் வெள்ளி (ரிங்கிட்), நம்மால் முடியாது. அரசாங்க ஒதுக்கீட்டில்தான் வாங்க வேண்டும், எல்லாருக்கும் உடனே கிடைப்பதில்லை. அக்காவும் காத்திருந்துதான் வாங்கினார். சில வகை மரபணு மாற்றத்துக்கு மட்டும் வேலை செய்கிற மாத்திரை ஒன்றும் இருக்கிறது. எரிச்சலுக்கு நரம்பு வலி மாத்திரை தனியாகக் கொடுப்பார்கள், கார்பமாசெபின், கபாபென்டின் மாதிரி. மருந்துக்கடையில் கிடைக்கிற வலி மாத்திரைகளை வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருக்காதீர்கள். எரிச்சலும் குறையாது, சிலவகை கிட்னியையும் கெடுக்கும்.


சிப்புட் அம்மா எழுதியது:

அக்கா, படித்துவிட்டுச் சமையலறையில் போய் உட்கார்ந்துவிட்டேன். எனக்கும் மத்தியானத்தில் உள்ளங்கை குறுகுறு என்று எரியும். வேலை செய்கிற கை, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். எனக்கு 9 வயதில் மகளும் இருக்கிறாள். அவளுக்கு இதுவரை ஒன்றும் இல்லை. இங்கே முதலில் யாரிடம் போவது? மறுபடியும் நடிக்கிறான் என்று சொல்லிவிட்டால் அவன் தாங்க மாட்டான்.


பழைய டிரெஸ்ஸர் எழுதியது:

மகளே, நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் 31 வருடம் டிரெஸ்ஸராக (மருந்து கொடுத்துப் புண் கட்டுகிற உதவியாளராக) இருந்தவன். காலையில் பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது) முடிந்ததும் என் வாசலில் வரிசை நிற்கும். காய்ச்சல், பாம்புக்கடி, உளி வெட்டு, வயிற்றுப்போக்கு. உங்கள் அண்ணன் மாதிரி ஓர் இளைஞன் என்னிடமும் வந்திருக்கிறான். கால் எரிகிறது என்பான், வெயிலில் தலை சுற்றுகிறது என்பான். வைட்டமின் பி மாத்திரை கொடுத்தேன், ஒரு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்பு) கொடுத்தேன். அடிக்கடி வந்ததால் வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறான் என்று கிராணி (தோட்டத்து எழுத்தர்) சொன்னார், நானும் அதை மறுத்துப் பேசவில்லை. அவன் சட்டையை ஒரு தடவை தொட்டுப் பார்த்திருந்தால் போதும். அவனுக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு ஒரு மருத்துவப் புத்தகத்தில் இந்த நோயைப் பற்றிப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

புதிதாக முளைத்த நோய் என்று நினைக்காதீர்கள். 1898லேயே ஜெர்மனியில் ஃபேப்ரி என்ற டாக்டரும் லண்டனில் ஆண்டர்சன் என்ற டாக்டரும் தனித்தனியாக இதை எழுதிவைத்தார்கள். அவர்கள் கண்ணில் பட்டது உங்கள் மகனிடம் இருக்கிற அதே புள்ளிகள்தான். என்சைம் குறைவுதான் காரணம் என்று தெரிந்தது 1967ல். ஐரோப்பாவில் மருந்துக்கு அனுமதி கிடைத்தது 2001ல். நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அதனால் இது நம் கிளினிக்கில் இருக்கிற இளம் டாக்டருக்கு உடனே நினைவுக்கு வரவில்லை என்றால் அவர் மேல் கோபப்படாதீர்கள். பழைய கணக்கில் 40,000 ஆண்களில் ஒருவருக்கு என்பார்கள். ஒரு டாக்டர் வாழ்நாள் முழுக்க ஒருவரைக்கூடப் பார்க்காமல் இருக்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள், ஒரு வெள்ளிதான். ஆனால் கால் வலிக்கிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். அங்கே உங்களுக்குக் கிடைக்கிற நேரம் குறைவு, அதில் பாதி வலியைப் பற்றிப் பேசுவதிலேயே போய்விடும். ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுங்கள். முதல் பக்கத்தில் மகனுக்கு எந்த வயதில் என்ன தொடங்கியது, காய்ச்சலிலும் வெயிலிலும் கூடுகிறதா என்று எழுதுங்கள். வேர்ப்பதில்லை என்பதைத் தனி வரியில் பெரிதாக எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் குடும்பம்: அண்ணனுக்கு எத்தனை வயதில் கிட்னி போனது, அம்மாவுக்கு எத்தனை வயதில் பக்கவாதம், அம்மாவோடு பிறந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள். புள்ளிகளைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பையன் கூச்சப்பட்டால் அங்கே திறந்து காட்ட மாட்டான். எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு, ஃபேப்ரியாக இருக்குமா, பார்க்க முடியுமா என்று கேளுங்கள். நோய்ப் பெயரை முதலில் சொன்னால் கைப்பேசியில் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிடுவார்கள்.

சிறுநீரில் புரதம் போகிறதா என்று அன்றைக்கே அங்கேயே பார்க்கலாம். அதைக் கேட்டு வாங்குங்கள். அடுத்தது ஈப்போ பெரிய மருத்துவமனைக்குக் கடிதம். அங்கே கண், இதயம், காது எல்லாம் பார்ப்பார்கள். மரபணு டாக்டர்கள் இருக்கிற பிரிவு கோலாலம்பூர் மருத்துவமனையில் இருக்கிறது. அதற்கு ஈப்போவிலிருந்துதான் கடிதம் போக வேண்டும், நேராகப் போய் நிற்காதீர்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் மலேசிய அரிய நோய்ச் சங்கம் இருக்கிறது, இதே வகை நோய்களுக்கென்று மலேசிய லைசோசோமல் நோய்கள் சங்கமும் இருக்கிறது.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். முதலில் மகனுக்கு முடிவு வரட்டும். எந்த மரபணு மாற்றம் என்று தெரிந்துவிட்டால் மகளுக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும்.

அதுவரை பையனை வெயிலில் ஓட விடாதீர்கள். தண்ணீர்ப் போத்தலும் நனைத்த துண்டும் பையில் இருக்கட்டும். பள்ளிக்கு டாக்டரிடமே ஒரு கடிதம் கேளுங்கள், வாத்தியார் உங்கள் வார்த்தையை நம்பாவிட்டாலும் கடிதத்தை நம்புவார்.


சிப்புட் அம்மா எழுதியது (நான்கு மாதம் கழித்து):

ஐயா, அக்கா, தம்பி, இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு முடிவு இல்லாமல் எழுத மனம் வரவில்லை.

நோட்டு எழுத எனக்கு மூன்று இரவு ஆனது. கிளினிக்கில் இருந்தது ஒரு சின்னப் பெண் டாக்டர். அவர் நோட்டை வாங்கி இரண்டு பக்கத்தையும் படித்தார். பிறகு எழுந்து வந்து மகனின் முதுகில், சட்டைக்குள்ளே கையை வைத்துப் பார்த்தார். மத்தியானம் ஒரு மணி, நாங்கள் நடந்து போயிருந்தோம். என் முதுகு நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. "காய்ந்துதான் இருக்கிறது" என்று அவர் மெதுவாகச் சொன்னார். மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஐந்து வருடத்தில் அவன் சொன்னதை ஒருவர் தொட்டுப் பார்த்து உண்மை என்று சொன்னது அன்றைக்குத்தான்.

சிறுநீரில் புரதம் இருந்தது. ஈப்போவுக்குக் கடிதம் கொடுத்தார். அங்கே கண் டாக்டர் பார்த்துவிட்டு, சுழல் கோடு மகனுக்கும் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது என்றார். அக்கா, நீங்கள் எழுதியதுதான் காதில் கேட்டது. ரத்தத்தைத் திங்கட்கிழமை காலையில்தான் எடுத்தார்கள், வார இறுதியில் மாட்டிக்கொள்ளாமல் கோலாலம்பூர் போய்ச் சேர வேண்டுமாம். முடிவு வந்தது. மகனுக்கு அந்த என்சைம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. எனக்குச் சாதாரண அளவின் கீழ் விளிம்பில் இருக்கிறது. உங்கள் பேச்சைக் கேட்டு எனக்கு மரபணு பார்க்கச் சொல்லிக் கேட்டேன். அவர்களே அதற்கு எழுதிவைத்திருந்தார்கள். போன வாரம் அதுவும் வந்துவிட்டது. எனக்கும் இருக்கிறது. மகளுக்கு அடுத்த மாதம் பார்க்கிறார்கள்.

எரிச்சலுக்கு மாத்திரை தொடங்கியிருக்கிறது. மூன்றாவது வாரத்திலிருந்து இரவில் கட்டிலில் படுக்கிறான். புரதம் குறைவதற்கு ஒரு மாத்திரை. என்சைம் மருந்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள், காத்திருக்கிறோம். டாக்டரின் கடிதத்தைப் பள்ளியில் கொடுத்தேன். அந்த வாத்தியார் படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. இப்போது பி.ஜே. நேரத்தில் மகன் நிழலில் உட்கார்ந்து நேரம் குறிக்கிறான்.

கோலாலம்பூரில் ஒரு தாதி எங்கள் குடும்பத்தைத் தாளில் வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நான் நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அவர் வரைந்தார். அண்ணனின் சதுரத்தைக் கறுப்பாக்கினார், இறந்தவர் என்பதற்குக் குறுக்கே ஒரு கோடு போட்டார். குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார். இல்லை, ஒரு நாளும் இல்லை என்று சொன்னேன். அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு அண்ணனுக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். ஒரு மகள், 15 வயது என்றேன். பேனா அந்த வட்டத்தின் மேல் நின்றது. அப்பாவிடமிருந்து எல்லா மகள்களுக்கும் போகும் என்று அக்கா எழுதியது எனக்கு அந்த நொடியில்தான் நினைவுக்கு வந்தது.

ஊர் பேசிய பேச்சில் அண்ணி எங்களோடு பேசி ஆறு வருடம் ஆகிறது. நேற்று நானே போன் பண்ணினேன். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல், அண்ணன் குடியால் சாகவில்லை, டாக்டர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் சொன்னேன். அண்ணி அழுது முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு பாப்பாவுக்குக் கை கால் எரியுமா என்று கேட்டேன். "வெயில்ல வந்தா ஃபிரிட்ஜைத் திறந்து வச்சி அதுல கையை வச்சிக்கிட்டு நிப்பா, கரண்ட் பில்லு ஏறுதுன்னு நான் திட்டுவேன்" என்றார்.

சனிக்கிழமை இருவரும் வருகிறார்கள். புது நோட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.